கண்ணாடி ஒழுகினால் முகத்தின் குற்றமா?



"டீச்சர், இந்தப் படிப்பு எனக்குச் சரிப்பட்டு வராது. நான் ரொம்பக் குள்ளம்."

சென்ற ஆண்டு விடுமுறையில் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து இப்படிச் சொல்லிக் கண் கலங்கினாள் ஒரு பெண். எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் அ, ஆ சொல்லிக் கொடுத்த பிள்ளை. இப்போது திரெங்கானுவில் கடல் அறிவியல் படிக்கிறாள். தாய் மருந்தடிக்கிற வேலை. தகப்பன் செம்பனைக் குலை வெட்டுகிறவர். எங்கள் தோட்டத்திலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பிள்ளை அவள்தான். உயரம் 147 சென்டிமீட்டர், எடை 40 கிலோ. "காற்று அடித்தால் பறந்துவிடுவாள்" என்று பள்ளியில் நாங்களே கேலி செய்ததுண்டு. இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவளுடைய படிப்பில் பவளப்பாறைகளை நேரில் பார்த்துக் கணக்கெடுக்கும் வேலை உண்டு. அதற்குக் கடலுக்குள் இறங்கத் தெரிய வேண்டும். பயிற்சிக்காக ஓரிடத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே எல்லாருக்கும் கொடுத்தது போல இவளுக்கும் சாமான்களை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. சட்டை காது வரை ஏறிக்கொண்டது. முதுகிலிருந்த தோம்பு பின்மண்டையில் இடித்தது. காலில் போட்டது ஒன்று கழன்று மிதந்து போயிற்று. "வாரை இன்னும் இறுக்கு" என்பதைத் தவிர வேறு யோசனை யாரும் சொல்லவில்லை. மூன்றாம் முறை மூச்சுத் திணறி மேலே வந்தவள், பயிற்சியை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டாள்.

"தோட்டத்துப் பத்திரிகையில் ஸ்கூபா எதற்கு டீச்சர்?" என்று நீங்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள் இன்று தீவுகளில் ஹோட்டல் வேலைக்குப் போகிறார்கள். கடல் படிப்புக்குப் போகிறார்கள். பள்ளிச் சுற்றுலாவில் பெர்ஹெந்தியானுக்கும் தியோமானுக்கும் போய் முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்கிறார்கள். அவர்கள் போகிற இடத்துச் சங்கதி நமக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஸ்கூபா என்றால் என்னவென்று பார்ப்போம். முத்துக்குளிப்பு என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். முன்பெல்லாம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடலில் காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி இறங்கிச் சிப்பி பொறுக்கி வந்தார்கள். ஸ்கூபா அதற்கு நேர்மாறானது. இதில் காற்றையே கூடக் கொண்டு போகிறோம். 1943-ஆம் ஆண்டு பிரான்சில் கூஸ்தோ, கான்யான் என்ற இருவர், தோம்பிலுள்ள காற்றை வேண்டிய அளவு மட்டும் வாய்க்குக் கொடுக்கும் கருவியைச் செய்தார்கள். இன்றைய கருவிகளும் அந்த வழியில் வந்தவைதான். இதில் முதல் பாடம், மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பது. அடக்கிக்கொண்டு மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் காயப்படுத்திவிடும். ஆகவே கருவி உடலுக்குப் பொருந்தி, மனம் அமைதியாக இருந்து, மூச்சு சீராக வர வேண்டும். பொருந்தாத சாமான் பதற்றத்தைக் கொடுக்கும். பதற்றப்பட்டவர் மூச்சை அடக்குவார். அவசரமாக மேலே வருவார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

விடுமுறை முடியுமுன் அவளையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு கோல பெசுட் படகுத்துறையிலிருந்து பெர்ஹெந்தியான் தீவுக்குப் போனேன். அங்கே வேறொரு பயிற்சியாளர், ஒரு மலாய்ப் பெண்மணி. நம் பிள்ளையைவிட ஓர் அங்குலம் உயரம் இருப்பார், அவ்வளவுதான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அடேக், உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் கொடுத்தது வேறு யாருடைய சாமானோ!"

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக் காட்டினார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதைத்தான் கீழே தருகிறேன்.

முகக்கண்ணாடி

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. வாரைப் பின்னால் தள்ளிவிட்டு, கண்ணாடியை முகத்தில் மெதுவாக வைத்து, மூக்கால் சிறிது மூச்சை இழுக்க வேண்டும். கையை எடுத்தாலும் அது முகத்திலேயே ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தாலோ, எங்காவது காற்று நுழைந்தாலோ அது உங்கள் கண்ணாடி அன்று, அடுத்ததை எடுங்கள். ஓரத்து ரப்பர் நெற்றியில் முடிக்குள் ஏறாமலும், சிரிக்கும்போது கன்னத்தை விட்டு எழும்பாமலும் இருக்க வேண்டும். ஒரு முடியோ, தலைத்துணியின் ஓரமோ ரப்பருக்கு அடியில் சிக்கினால் போதும், தண்ணீர் வந்துவிடும். வாயில் குழாயைக் கடித்துக்கொண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும். வாயைத் திறந்தால் முகத்தின் வடிவம் மாறுகிறது அல்லவா?

மூக்குப் பகுதியையும் பாருங்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. காது வலிக்காமல் இருக்க, இறங்கும்போது அடிக்கடி மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். ஆகவே கண்ணாடிக்கு மேலேயே விரலால் மூக்கு எட்ட வேண்டும். அதே சமயம் மூக்கின் முனை உள்ளே இடிக்கவும் கூடாது. சிறிய முகத்துக்கு உள்ளே காற்றிடம் குறைந்த கண்ணாடி நல்லது. தண்ணீர் புகுந்தாலும் மூக்கால் ஊதி எளிதில் வெளியேற்றலாம்.

வாரை இறுக்கினால் ஒழுகல் நிற்கும் என்பது தவறான எண்ணம். அளவுக்கு மீறி இறுக்கினால் ரப்பர் மடிந்து இன்னும் அதிகமாக ஒழுகும்.

வாயில் கடிக்கும் ரப்பர்

காற்றுக் கருவியை ரெகுலேட்டர் என்பார்கள். அதன் முனையில் பல்லால் கடித்துக்கொள்ள ஒரு ரப்பர் இருக்கும். பெரிய வாய்க்குச் செய்ததைச் சிறிய வாயில் வைத்தால் குமட்டும், தாடை வலிக்கும். இந்த ரப்பரை மட்டும் தனியே மாற்றலாம். சிறிய அளவிலும் கிடைக்கிறது. முழுக் கருவியோடு ஒப்பிட்டால் விலையும் மிகக் குறைவு. குழாய் அதிக நீளமாக இருந்தால் வளைந்து நின்று, தண்ணீர் ஓட்டத்தில் கருவியை வாயிலிருந்து இழுக்கும். அதையும் கவனிக்க வேண்டும்.

மிதவைச் சட்டை

தோம்பை முதுகில் தாங்குவதும், காற்று ஏற்றி இறக்கி மிதக்க வைப்பதும் இந்தச் சட்டைதான். சிறியவர்களுக்கு அதிகத் தொல்லை இதில்தான். அணிந்து எல்லா வார்களையும் பூட்டியபின் காற்றை முழுதாக ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் நெஞ்சை நெரிக்காமல் ஆழமாக மூச்சு விட முடிய வேண்டும். பிறகு ஒருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை காது வரை ஏறினால் அது பெரிது. தண்ணீரின் மேல் மிதக்கும்போது அது வாயை மூடிவிடும். காற்றை இறக்கிய பிறகும் வார்களை இழுக்க இன்னும் சிறிது இடம் மிச்சம் இருக்க வேண்டும். கடைசி வரை இழுத்தும் தொளதொளவென்று இருந்தால் அது உதவாது. கீழ் விளிம்பு இடுப்புக்குக் கீழே தொங்கி ஈயப் பட்டையை மறைக்கவும் கூடாது. பெண்களின் தோளுக்கும் நெஞ்சுக்கும் ஏற்ற வெட்டிலும், மிகச் சிறிய அளவிலும் சட்டைகள் உண்டு. கேட்டால்தான் உள்ளேயிருந்து எடுப்பார்கள்.

காற்றுத் தோம்பு

பல இடங்களில் கொடுப்பது 11 லிட்டர் அலுமினியத் தோம்பு. நிரப்பினால் 17 கிலோவுக்கு மேல் இருக்கும். நாற்பது கிலோ உடம்புக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்று பாருங்கள். 9 லிட்டர் தோம்பும் இருக்கிறது. இரண்டு கிலோவுக்கு மேல் எடை குறைவு. உயரத்திலும் ஏறக்குறைய நான்கு அங்குலம் குறைவு. சிறிய உடம்புக்காரர்கள் பெரும்பாலும் குறைந்த காற்றே செலவழிப்பார்கள் என்பதால் அது அவர்களுக்குப் போதும். ஆனால் எந்தத் தோம்பானாலும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தோம்பைச் சட்டையோடு கட்டும் பட்டையை ஏற்றி இறக்கி வைத்தால் தலையிலும் இடிக்காது, இடுப்பிலும் இடிக்காது. கரையில் தூக்கும்போது உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

துடுப்புச் செருப்பு

வாத்தின் கால்போல் அகன்ற இதை "ஃபின்" என்கிறார்கள். பாதம் முழுதும் நுழைவது ஒரு வகை. ரப்பர்க் காலணி போட்டு, அதன்மேல் மாட்டி, குதிகாலில் வாரால் கட்டுவது இன்னொரு வகை. விரலை அசைக்க இடம் வேண்டும். குதிகால் கழலக் கூடாது. காலணியோடு மாட்டுவதானால் அதே காலணியைப் போட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். நீளமான, விறைப்பான துடுப்பு வேகமாகப் போகும் என்று நினைத்து வாங்காதீர்கள். மெல்லிய கால் அதை உதைக்க முடியாமல் கெண்டைக்காலில் குரக்களி பிடித்துக்கொள்ளும்.

ரப்பர் உடுப்பு

நம் கடல் 28, 30 பாகை வெப்பம் உள்ளது. குளிராதே என்று நினைப்போம். ஆனால் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். சிறிய, மெலிந்த உடம்பு விரைவில் குளிர்ந்துவிடும். 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள உடுப்பு நம் பக்கத்துக்குப் பெரும்பாலும் போதும். அக்குளிலும் முதுகுத் தண்டிலும் பை விழுந்தாற்போல் இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து ஓடி உடுப்பின் பயனே போய்விடும். கழுத்தை நெரித்தால் தலைசுற்றல் வரும். கைகால் நீளம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. உடம்புப் பகுதி மட்டும் சரியாகப் பிடித்திருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் அமெரிக்காவில் டோட்டி ஃபிரேசியர் என்ற பெண்மணியை நினைத்துக்கொள்ளலாம். 1955-இல் ஸ்கூபா பயிற்சியாளராகத் தேர்ச்சி பெற்று, அந்நாட்டின் முதல் பெண் பயிற்சியாளர் என்று பெயர் எடுத்தவர். பிறகு சொந்தமாகக் கடை வைத்து இத்தகைய உடுப்புகளைத் தாமே வடிவமைத்துத் தைத்தார். 99 வயது வாழ்ந்து 2022-இல் காலமானார்.

ஈயக்கட்டி

மூழ்குவதற்கு இடுப்பில் ஈயம் கட்டுவார்கள். போன முறை நம் பிள்ளைக்கு 6 கிலோ கட்டியிருந்தார்களாம். "எல்லாருக்கும் அதுதான்" என்றார்களாம். எல்லாருக்கும் ஒரே அளவு என்பது எப்படிச் சரியாகும்? தண்ணீரில் நேராக நின்று, சட்டைக் காற்றை இறக்கி, சாதாரண மூச்சோடு அசையாமல் இருந்தால் தண்ணீர் மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். மூச்சை வெளியே விட்டால் மெல்ல அமிழ வேண்டும். அதுவே சரியான எடை. காற்று தீரத் தீரத் தோம்பு இரண்டு கிலோவுக்கு மேல் இலேசாகிவிடும். ஆகவே நிறைந்த தோம்போடு சோதித்தால் அதற்கும் கணக்குச் சேர்க்க வேண்டும். நம் பிள்ளைக்கு அன்று கடைசியில் 3 கிலோவே போதுமாயிற்று. ஈயப் பட்டையை ஆபத்தில் ஒரே கையால் கழற்றிப் போடவும் தெரிந்திருக்க வேண்டும்.

எதை வாங்குவது? எதை வாடகைக்கு எடுப்பது?

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது முக்கியமான கேள்வி. எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. முதலில் சொந்தமாக இருக்க வேண்டியது முகக்கண்ணாடி. அடுத்து சிறிய வாய் ரப்பர். கையில் பணம் இருந்தால் காலணியும் துடுப்பும். சட்டையும் ரெகுலேட்டரும் விலை அதிகம். காலாகாலத்தில் சர்வீஸ் செய்யும் செலவும் உண்டு. அவற்றை வாடகைக்கே எடுக்கலாம். ஆனால் போவதற்கு முன்பே போன் செய்து, "என் உயரம் இவ்வளவு, எடை இவ்வளவு, காலணி அளவு இவ்வளவு, எனக்கு ஏற்ற சாமான் இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வேறு கடைக்குப் போகலாம். கண்ணாடியைப் போனில் படம் பார்த்து வாங்காமல், முகத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பள்ளிச் சீருடை எடுக்கும்போது, "வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே கொடுங்கள்" என்போம். நானும் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் எடுத்தேன். கடல் சாமானில் அந்தச் சிக்கனம் ஆகாது. இன்று யார் அணியப் போகிறாரோ அவருடைய இன்றைய அளவுதான் கணக்கு.

வயதுக்கும் விதி உண்டு. பி.ஏ.டி.ஐ. என்ற பயிற்சி அமைப்பின் விதிப்படி 10 வயது நிரம்பியவர்கள் பயிற்சி பெறலாம். 10, 11 வயதினருக்கு 12 மீட்டர்தான் எல்லை. தொடக்கப் பயிற்சி முடித்த பெரியவர்களுக்கு 18 மீட்டர். ஆஸ்துமா, இருதயக் கோளாறு, காது நோய் இருப்பவர்கள் மறைக்காமல் சொல்லி டாக்டரைப் பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

நிற்க. கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன்.

பயிற்சியாளர் நான்கு கண்ணாடிகளை எடுத்து வைத்தார். முதல் மூன்றும் நம் பிள்ளையின் முகத்தில் நிற்கவில்லை. நான்காவது ஒட்டிக்கொண்டது. அவள் இரண்டு கைகளையும் விரித்து, தலையை ஆட்டிக் காட்டினாள், கண்ணாடி விழவில்லை. பக்கத்தில் நின்ற அவள் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மக்சிக், நீங்களும் வைத்துப் பாருங்கள்" என்று பயிற்சியாளர் சொல்ல, தயங்கித் தயங்கி வைத்தார். அவருக்கும் அது ஒட்டிக்கொண்டது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே முகவெட்டு.

கண்ணாடியைக் கழற்றிய பிறகு அவர் சிறிது நேரம் பேசவில்லை. அப்புறம் என்னிடம் மெல்லச் சொன்னார்:

"டீச்சர், இருபத்திரண்டு வருசமா மருந்தடிக்கிறேன். எனக்குக் கொடுத்த மூக்குமூடி ஒருநாளும் இப்படி நின்னதில்ல. கன்னத்தோரம் விரல் போற அளவுக்குச் சந்து இருக்கும். மருந்து வாடை நேரா உள்ள வரும். அப்போ இருந்த மண்டோர்கிட்ட சொன்னா, 'ஒன் மூஞ்சி சின்னது, அதுக்கு நான் என்ன பண்ண?'ன்னுவாரு. நானும் என் மூஞ்சியிலதான் கோளாறுன்னு இருந்துட்டேன். துணிய மடிச்சு உள்ள வச்சுக்குவேன்."

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வாசகர்களே, அந்த நாளில் தெளித்த பாராகுவாட் மருந்து 2020-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் மருந்தடிக்கும் வேலை நிற்கவில்லை, மூக்குமூடியும் நிற்கவில்லை. வடிகட்டி வைத்த மூக்குமூடியானால், வடிகட்டியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். மூடி முகத்தோடு ஒட்டி உள்ளிழுக்க வேண்டும். ஓரத்தில் காற்று வந்தால் அது உங்கள் அளவு அன்று. வேறு அளவு கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நான்கு பேராகச் சேர்ந்து கேளுங்கள். சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றும்போது அப்பாவின் தலைக்கவசத்தை மாட்டிவிடுகிறோமே, அதற்கும் இதே விதிதான். வாரைப் பூட்டியபின் தலையை ஆட்டச் சொல்லுங்கள். கவசம் தனியாகச் சுற்றினால் அது அந்தப் பிள்ளையைக் காக்காது.

மறுநாள் காலை நம் பெண் கடலில் இறங்கினாள். சிறிய சட்டை, சிறிய தோம்பு, 3 கிலோ ஈயம், முகத்தில் அந்த நான்காவது கண்ணாடி. நானும் அவள் அம்மாவும் படகில் உட்கார்ந்து தண்ணீரில் எழும்பும் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. முப்பத்தைந்து நிமிடம் கழித்து மேலே வந்தாள். வாயிலிருந்ததை எடுத்தவுடன் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல!"

பயிற்சியை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டாள். படிப்பைத் தொடர்கிறாள். கண்ணாடியை அவள் அம்மா விலைக்கு வாங்கிக் கொடுத்தார். அதற்கு நான் பங்கு தருகிறேன் என்றதற்கு, "இது நான் வாங்கிக் கொடுக்கணும் டீச்சர்" என்று மறுத்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் உருவத்தில் சிறிய பிள்ளை இருக்கலாம். "உனக்கு இதெல்லாம் ஆகாது" என்று சொல்லிவிடுமுன், கையில் கொடுத்த சாமான் அதன் அளவுதானா என்று ஒருமுறை பாருங்கள்.